பாக்கெட் கடிகாரத்தின் சாவியைக் கழற்றுவது எப்படி: உப்புக்காற்று ஊரிலிருந்து ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் பக்கத்தில் பரணிலிருந்து ஒரு பழைய பாக்கெட் கடிகாரம் இறங்கினால் எல்லோரும் ஒரே வரிசையில்தான் செய்வார்கள். முதலில் காதில் வைத்துப் பார்ப்பார்கள். சத்தம் இல்லையென்றால் மேலே இருக்கும் குமிழை, அதாவது சாவியை, திருகுவார்கள். அது திரும்பவில்லையென்றால் பிடித்து இழுப்பார்கள். மூன்றாவது காரியத்தில்தான் கடிகாரம் போகிறது. என்னிடம் வரும் பத்துக் கடிகாரத்தில் ஆறேழு, யாரோ இழுத்துப் பார்த்த பிறகு வந்தவைதான்.

நான் தொழில்முறை வாட்ச் ரிப்பேர்காரன் அல்ல. பாம்பனுக்குப் பக்கத்து மண்டபம் ஊரில் இருக்கிறேன். வேலை வேறு, இது மாலை நேரத்துப் பித்து. ஆனால் இந்தக் கரையில் இருபது வருடமாகப் பழைய கடிகாரங்களைத் திறந்து பார்த்ததில் ஒன்று தெரிந்தது: மற்ற ஊர்க்காரர்களுக்குச் சாவியைக் கழற்றுவது ஐந்து நிமிட வேலை. நமக்கு அது துருவோடு நடத்தும் பேச்சுவார்த்தை.

காரணம் எளிது. பழைய பாக்கெட் கடிகாரத்தில் தண்ணீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையம் கிடையாது. மேல்மூடி, பின்மூடி இரண்டும் ஓரளவு இறுக்கமாக மூடும். சாவி நுழையும் கழுத்து மட்டும் திறந்த வாய். உப்புக்காற்று அந்த வழியாகத்தான் உள்ளே போகிறது. காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் உப்புத்தூள் தானாகவே நீரை உறிஞ்சிக் கரைந்துவிடும். பாம்பனிலும் இராமேசுவரத்திலும் கீழக்கரையிலும் அந்த அளவைத் தாண்டாத ராத்திரி எத்தனை? ஆக, கழுத்துக்குள் இருக்கும் எஃகுத் தண்டு வருடக்கணக்காக உப்புத் தண்ணீரில் நின்றதற்குச் சமம். 2025 ஏப்ரலில் திறந்த புதிய பாம்பன் பாலத்துக்குத் துருப்பிடிக்காத கம்பியும் விசேஷப் பூச்சும் போட்டிருக்கிறார்கள். தாத்தாவின் கடிகாரத் தண்டுக்கு அதெல்லாம் யார் போட்டார்கள்?

இந்தக் கரையில் இத்தனை பாக்கெட் கடிகாரங்கள் ஏன் இருக்கின்றன என்று சிலர் கேட்பதுண்டு. 1914-இல் பாம்பன் பாலம் திறந்த பிறகு ரயில் தனுஷ்கோடி வரை போய், அங்கிருந்து கப்பலில் தலைமன்னார், அப்புறம் கொழும்பு. 1964 டிசம்பர் புயல் தனுஷ்கோடியை அழிக்கும் வரை அந்தப் போக்குவரத்து இருந்தது. ரயில்வேயில் இருந்தவர்கள், இலங்கையில் கடை வைத்தவர்கள், கீழக்கரையிலிருந்து கடல் கடந்து வியாபாரம் செய்தவர்கள் என்று பலரும் கொண்டுவந்தவை இன்னும் வீடுகளில் கிடக்கின்றன. சுவிஸ் சரக்குதான் அதிகம். நடுநடுவே அமெரிக்க வால்தம், எல்ஜின் வரும். அந்த வித்தியாசம் கழற்றும்போது ரொம்ப முக்கியம், கீழே வருகிறேன்.

பெயர்களில் குழப்பம் வேண்டாம்

நாம் விரலால் பிடித்துத் திருகும் குமிழைத்தான் இங்கே சாவி என்கிறோம். கடைக்காரர்கள் கிரௌன் என்றும் சொல்வார்கள். அதிலிருந்து உள்ளே போகும் மெல்லிய எஃகுக் கம்பிதான் தண்டு, அதாவது ஸ்டெம். சாவி தண்டின் நுனியில் மரையால் திருகப்பட்டிருக்கும். தண்டு உள்ளே மிஷினில் ஏதோ ஒரு பிடியில் இருக்கும். ஆகவே 'சாவியைக் கழற்றுவது' என்றால் இரண்டு வேலை: தண்டோடு சேர்த்து வெளியே எடுப்பது ஒன்று, தண்டிலிருந்து சாவியைப் பிரிப்பது இன்னொன்று. பெரும்பாலும் முதலாவது போதும். மிஷினைக் கூட்டிலிருந்து, அதாவது வெளி உறையிலிருந்து, எடுக்கவும், கழுவி எண்ணெய் போடவும் அதுதான் தேவை. சாவி தேய்ந்துபோனாலோ தண்டு ஒடிந்தாலோ மட்டும் இரண்டாவது.

கை வைக்கும் முன் வகையைக் கண்டுபிடியுங்கள்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் படிப்பேன் என்றால் இதைப் படியுங்கள். மீதியை இங்கே தப்பு செய்யாதவர்களுக்காகத்தான் எழுதுகிறேன்.

முதலில், அது உண்மையில் சாவிதானா என்று பாருங்கள். 19-ஆம் நூற்றாண்டின் பல கடிகாரங்களுக்குத் தனிச் சாவிதான். பின்மூடியைத் திறந்தால் உள்மூடியில் ஒன்றோ இரண்டோ துளை இருக்கும், அதில் சிறிய சாவியை நுழைத்துத்தான் முறுக்க வேண்டும். அந்த வகையில் மேலே இருக்கும் குமிழ் வெறும் அலங்காரம், அல்லது மூடியைத் திறக்கும் பொத்தான். அதைப் பிடுங்கினால் மூடி பூட்டாமல் போய்விடும், வேறு ஒன்றும் கிடைக்காது. கிரௌனாலேயே முறுக்கும் முறையைப் பிரெஞ்சுக் கடிகாரக்காரர் ஏட்ரியன் பிலிப் 1844-இல் பாரிஸ் கண்காட்சியில் காட்டினார். அதற்குப் பிறகும் தனிச் சாவிக் கடிகாரங்கள் பல வருடம் வந்துகொண்டுதான் இருந்தன.

அடுத்து, முள்ளை எப்படித் திருப்புகிறது என்று பாருங்கள். சாவியை மெதுவாக, மிக மெதுவாக, நகத்தால் தூக்குங்கள். 'டக்' என்று ஒரு படி வெளியே வந்து முள் திரும்பினால் அது இழுத்துத் திருப்பும் வகை. வரவே வரவில்லையென்றால் கழுத்துக்குப் பக்கத்தில் கூட்டின் விளிம்பைத் தடவிப் பாருங்கள். ஒரு சின்ன ஊசிமுனை மாதிரி பொத்தான் தட்டுப்பட்டால், அதை நகத்தால் அழுத்திக்கொண்டு சாவியைத் திருகினால் முள் ஓடும். அது ஊசிப் பொத்தான் வகை. அதில் சாவி வெளியே வராது, வரவும் கூடாது. 'இழுத்தேன், வரலை, இன்னும் பலமா இழுத்தேன்' என்று சொல்லிக்கொண்டு வந்த ஒருவரின் கடிகாரம் இன்னமும் என் டப்பாவில் இருக்கிறது. பொத்தானும் இல்லையென்றால் கண்ணாடி வளையத்தைத் திறந்து டயலின் ஓரத்தைப் பாருங்கள் (எண்களில் பழுப்பேறிய பசை இருந்தால் திறக்க வேண்டாம், காரணம் கீழே). ஒன்று இரண்டு மணி எண்களின் பக்கத்தில் ஒரு சிறிய எஃகு நாக்கு ஒளிந்திருந்தால் அது லீவர் வகை. அமெரிக்க ரயில்வே கடிகாரங்களில் இதைப் பார்க்கலாம்.

கடைசியாக, மிஷின் சுவிஸா அமெரிக்காவா. பின்மூடியைத் திறந்தால் அமெரிக்க மிஷினில் கம்பெனிப் பெயரும் எண்ணும் பெரும்பாலும் கொட்டை எழுத்தில் வெட்டியிருக்கும். சுவிஸ் மிஷினில் தண்டு மிஷினுக்குச் சொந்தம். அமெரிக்க மிஷினில் பெரும்பாலும் தண்டு கூட்டுக்குச் சொந்தம். அங்கே மிஷினை ஒரு கம்பெனி செய்யும், கூட்டை இன்னொரு கம்பெனி செய்யும், கடைக்காரர் பொருத்தி விற்பார். அதனால்தான் இந்த ஏற்பாடு. இதை அறியாமல் சுவிஸ் முறையில் அமெரிக்கக் கடிகாரத்தைத் திறந்தால், இல்லாத ஸ்க்ரூவைத் தேடி, இருக்கிற ஸ்க்ரூவையெல்லாம் கழற்றிவிடுவீர்கள்.

இடமும் கருவியும்

நேரம் விடியற்காலை. இது அறிவுரைக்காகச் சொல்வதல்ல. இந்த வேலைக்கு மின்விசிறி ஓடக் கூடாது. எறும்புத் தலை அளவு ஸ்க்ரூ பறந்துவிடும். விசிறி இல்லாமல் இராமநாதபுரத்தில் பகல் பதினொரு மணிக்கு உட்கார்ந்தால் நெற்றி வியர்வை நேராக மிஷினில் சொட்டும். வியர்வையும் உப்புதான். கச்சான் காற்று அடிக்கும் மாதங்களில் ஜன்னலை மூடிவையுங்கள், மணல் வந்துவிடும். விரலுக்கு ரப்பர் உறை போடலாம். கிடைக்காவிட்டால் அடிக்கடி கையைத் துடையுங்கள்.

மேசைமேல் விளிம்பு உள்ள எவர்சில்வர் தட்டு, அதன்மேல் வெள்ளைத் துணி. மடியில் ஒரு துண்டு விரித்துக்கொள்ளுங்கள், விழுவதெல்லாம் அங்கே விழும். கருவி அதிகம் வேண்டாம்: கண்ணில் வைக்கும் லென்ஸ், பொற்கொல்லர் வைத்திருப்பது போன்ற நுனி மெல்லிய சாமணம், 0.8 முதல் 1.6 மி.மீ. வரை நான்கைந்து ஸ்க்ரூ டிரைவர், ஒரு பின் வைஸ் (மெல்லிய கம்பியை இறுகப் பிடிக்கும் சின்னக் கைப்பிடி), கூராக்கிய மூங்கில் குச்சி. மதுரைக்குப் போகும்போது வாட்ச் சாமான் கடையில் வாங்கிவிடலாம். ஸ்க்ரூ டிரைவரில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். அதன் நாக்கு ஸ்க்ரூவின் வெட்டை முழுக்க நிரப்ப வேண்டும். சின்னது போட்டால் வெட்டு சிதையும், பெரியது போட்டால் பக்கத்துத் தகட்டில் கீறல் விழும்.

ஒவ்வொரு படியிலும் மொபைலில் ஒரு படம் எடுத்துவையுங்கள். ஞாபகம் இருக்கும் என்று நினைப்பீர்கள், இருக்காது.

கூட்டைத் திறப்பது

கீல் வைத்த பின்மூடி என்றால் விளிம்பில் ஒரு சிறு உதடு இருக்கும். அங்கே மழுங்கிய கத்தியை வைத்து நெம்பாமல், திருகி எழுப்புங்கள். கீலும் உதடும் இல்லாத மொழுமொழு மூடி பெரும்பாலும் மரை. உள்ளங்கையில் ரப்பர் கையுறை போட்டு இடப்பக்கம் திருகினால் வரும். உப்பு பிடித்து இறுகியிருந்தால் மரையைச் சுற்றி ஒரு சொட்டு மண்ணெண்ணெய் விட்டு ஒரு ராத்திரி விட்டுவிடுங்கள். டயலுக்கும் மூடி உள்ள கடிகாரம் என்றால் சாவியை அழுத்தித் திறப்பது போலவே, மூடும்போதும் சாவியை அழுத்திக்கொண்டே மூடுங்கள். 'படக்' என்று மூடுவது சினிமாவில் நன்றாக இருக்கும், பூட்டு தேய்ந்துவிடும்.

டயலின் எண்களில் பழுப்பேறிய பசை மாதிரி ஏதாவது தடவியிருந்தால் கண்ணாடியைத் திறக்காதீர்கள். இருட்டில் ஒளிர்வதற்காக அந்தக் காலத்தில் ரேடியம் பூசினார்கள். ஒளி செத்திருக்கும், ரேடியம் சாகவில்லை. அதை அனுபவசாலியிடம் விட்டுவிடுங்கள்.

வில்லை இறக்குவது

கடிகாரத்தை ஓட்டும் வில்தான் மெயின் ஸ்பிரிங். அது முறுக்கோடு இருக்கும்போது தண்டை உருவக் கூடாது. ஓடாத கடிகாரம்தானே என்று அலட்சியமும் கூடாது. பல நேரம் ஸ்பிரிங் முழு முறுக்கில் இருக்கும், அழுக்கினால்தான் நின்றிருக்கும்.

பின்பக்கம் பெரிய பல்சக்கரம் ஒன்று தெரியும். அதன் பல்லில் ஒரு சிறு கொக்கி உட்கார்ந்திருக்கும், அதுதான் கிளிக். சாவியைக் கட்டைவிரலாலும் ஆள்காட்டி விரலாலும் இறுகப் பிடித்து, முறுக்குவதுபோல ஒரு இம்மி முன்னே திருப்புங்கள். கிளிக் தளரும். மூங்கில் குச்சியால் அதைப் பல்லிலிருந்து விலக்கிப் பிடித்துக்கொண்டு, சாவி விரல்களுக்குள் வழுக்கிக்கொண்டு பின்னே சுழல விடுங்கள். பட்டத்து நூலை விரலுக்குள் விட்டுக்கொடுப்பது போலத்தான். சட்டென்று விட்டால் பல் உடையும்.

சாவியே திரும்பவில்லையென்றால், அந்தப் பெரிய சக்கரத்தின் நடு ஸ்க்ரூவில் சரியான டிரைவரை அழுத்திப் பிடித்து, கிளிக்கை விலக்கி, டிரைவரைக் கைக்குள் மெல்லச் சுழல விடலாம். அதுவும் அசையாவிட்டால் தண்டோடு சக்கரங்களும் துருவில் சேர்ந்துவிட்டன என்று அர்த்தம். அப்போது முதலில் எண்ணெய் வேலை (கீழே 'வரவில்லையென்றால்' பகுதி), அப்புறம்தான் வில்.

சுவிஸ் கடிகாரம்: ஒரு ஸ்க்ரூ, இரண்டு சுற்று

தண்டு மிஷினுக்குள் நுழையும் இடத்தைப் பாருங்கள். அதன் பக்கத்திலேயே, பின்புறம், தனியாக ஒரு சின்ன ஸ்க்ரூ இருக்கும். சக்கரங்களை மேலிருந்து பிடிக்கும் தகடுகளைப் பாலம் என்பார்கள். அவற்றின் ஸ்க்ரூக்கள் பெரியவை, தகட்டின்மேல் அழுந்தி உட்கார்ந்திருக்கும். இது சிறியது, தண்டை ஒட்டியே இருக்கும், எந்தப் பாலத்தையும் பிடித்திருக்காது. இதன் மறுமுனையில், டயலுக்கு அடியில், செட்டிங் லீவர் என்ற ஒரு துண்டு இருக்கிறது. அதன் மூக்கு தண்டின் பள்ளத்தில் விழுந்து தண்டைப் பிடித்திருக்கும். ஸ்க்ரூவைத் தளர்த்தினால் மூக்கு விலகும், தண்டு வரும்.

தளர்த்த வேண்டும். கழற்றக் கூடாது. சாவி முறுக்கும் நிலையில், அதாவது உள்ளே அழுந்திய நிலையில் இருக்கட்டும். ஸ்க்ரூவை இடப்பக்கம் அரைச் சுற்று, சாவியை மெல்ல இழுத்துப் பாருங்கள். வரவில்லையா, இன்னும் அரைச் சுற்று. பெரும்பாலும் ஒன்றிலிருந்து இரண்டு சுற்றுக்குள் தண்டு வழுக்கி வந்துவிடும். நான் முதன்முதலில் செய்தபோது ஆர்வக்கோளாறில் முழுதாகக் கழற்றிவிட்டேன். செட்டிங் லீவர் உள்ளே விழுந்தது. அதை மறுபடி உட்கார வைக்க முள்ளையும் டயலையும் எடுக்க வேண்டியதாயிற்று. எடுக்கும்போது பீங்கான் பூச்சு டயலில் மயிரிழை விரிசல் விழுந்தது. ஏழு மணிக்கும் எட்டு மணிக்கும் நடுவே இன்றும் இருக்கிறது.

ஊசிப் பொத்தான் வகையிலும் இதே இடத்தில் ஸ்க்ரூவைத் தேடுங்கள். சிலவற்றில் செட்டிங் லீவர் இல்லாமல் ஸ்க்ரூவின் முனையே நேராகத் தண்டின் பள்ளத்தில் இறங்கியிருக்கும். அதிலும் இரண்டு மூன்று சுற்று போதும்.

தண்டு வந்த பிறகு மிஷினைக் குலுக்காதீர்கள். தண்டு கோத்திருந்த இரண்டு சிறு சக்கரங்கள் இப்போது கோர்வையில்லாமல் உள்ளே நிற்கின்றன. மிஷினை வெளியே எடுக்க வேண்டுமென்றால் ஓரத்தில் இரண்டு கூட்டு ஸ்க்ரூக்கள் இருக்கும். முழு வட்டத் தலை என்றால் கழற்ற வேண்டும். தலையில் ஒரு பக்கம் வெட்டி அரைநிலா மாதிரி இருந்தால், வெட்டுப் பக்கம் கூட்டின் விளிம்பைப் பார்க்கும்படி திருப்பினாலே போதும்.

அமெரிக்கக் கடிகாரம்: கழுத்துக்குள் இருக்கும் சட்டை

இங்கே ஸ்க்ரூவைத் தேடாதீர்கள். சாவியை 'டக்' என்று வெளிப்படிக்கு இழுங்கள். அதோடு தண்டின் சதுர நுனி மிஷினை விட்டு விலகிவிடும். கூட்டு ஸ்க்ரூக்களைக் கழற்றினால் மிஷின் முன்பக்கமாக வெளியே வரும், சாவியும் தண்டும் கூட்டிலேயே நிற்கும். பின்மூடியே இல்லாமல் முன்பக்க வளையம் மட்டும் மரையாக இருந்தால் அது மிஷின் கீலில் தூக்கி எழும் வகை. அதிலும் முதலில் சாவியை வெளியே இழுத்துவிட்டு, பிறகுதான் ஆறு மணிப் பக்கமாக நகத்தால் தூக்க வேண்டும். இழுக்காமல் தூக்கினால் தண்டு வளையும். லீவர் வகையில் இதற்கு விதிவிலக்கு உண்டு. சிலவற்றில் தண்டை மிஷினே பிடித்திருக்கும், சுவிஸ் மாதிரி ஒரு சிறு ஸ்க்ரூ இருக்கிறதா என்று பார்த்துவிட்டுத் தொடங்குங்கள்.

பலருக்கு இத்தோடு வேலை முடிந்துவிடும். சாவியையே எடுக்க வேண்டுமென்றால், கூட்டின் உட்பக்கம் தெரியும் தண்டின் சதுர நுனியைப் பின் வைஸில் பிடித்து, வெளியே சாவியை இடப்பக்கம் திருகுங்கள். சாவி வந்ததும் கழுத்துக்குள் எட்டிப் பாருங்கள். பிளவுபட்ட விரல்களோடு ஒரு குழாய் தெரியும். தண்டு உள்படியிலும் வெளிப்படியிலும் 'டக்' என்று நிற்பது அந்த விரல்களால்தான். நான் அதைச் சட்டை என்பேன், கடையில் ஸ்லீவ் என்று கேட்டால் புரியும். அதைக் கழற்ற நட்சத்திரம்போலப் பல கை உள்ள ஒரு தனிக் கருவி உண்டு. பொருந்தும் கையை நுழைத்து இடப்பக்கம் திருகினால் சட்டையும் தண்டும் வரும்.

திருகும்போது எத்தனை சுற்று என்று எண்ணிச் சுவரிலாவது எழுதிவையுங்கள். அந்தச் சட்டை எவ்வளவு ஆழத்தில் நிற்கிறது என்பதை வைத்துத்தான் முறுக்குவதும் முள் திருப்புவதும் சரியாக நடக்கும். ஒரு சுற்று கூடினால் முள் திரும்பாது, குறைந்தால் முறுக்கு ஏறாது. இன்னும் பழைய சில கூடுகளில் சட்டை இருக்காது, கழுத்தின் பக்கவாட்டில் ஒரு பொடி ஸ்க்ரூ தண்டைப் பிடித்திருக்கும். அழுக்கில் மறைந்திருக்கும், லென்ஸ் வைத்துத் தேடுங்கள்.

வரவில்லையென்றால்

நம் ஊர் விஷயத்துக்கு வருவோம். ஸ்க்ரூவைத் தளர்த்தியாயிற்று, தண்டு அசையவில்லை. இழுக்காதீர்கள். தண்டில் பள்ளம் வெட்டிய இடம்தான் மிக மெலிந்தது, அங்கேதான் ஒடியும். ஒடிந்தால் பாதி சாவியோடு கையில், பாதி மிஷினுக்குள்.

துரு இளக்கும் எண்ணெயை டப்பாவிலிருந்து நேராக அடிக்காதீர்கள். டயலுக்கு அடியில் வரை பரவி எழுத்தையே எடுத்துவிடும். ஒரு மூடியில் கொஞ்சம் அடித்து, ஊசி நுனியில் ஒரு சொட்டு எடுத்து, தண்டு மிஷினுக்குள் நுழையும் இடத்தில் வையுங்கள். கழுத்தில் சாவிக்குக் கீழே ஒரு சொட்டு. கடிகாரத்தைச் சாவி மேலே இருக்கும்படி ஒரு டம்ளரில் நிறுத்தி, மறுநாள் வரை விடுங்கள். பிறகு சாவியை முன்னும் பின்னும் இம்மி இம்மியாக ஆட்டிப் பாருங்கள். இழுப்பதைவிட ஆட்டுவதில்தான் துரு உடையும். அசைந்தால் இன்னொரு சொட்டு. எனக்கு ஒரு கடிகாரத்துக்கு ஒன்பது நாள் ஆனது. எப்படியும் இதற்கப்புறம் மிஷினைப் பிரித்துக் கழுவியாக வேண்டும், அதை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

தேங்காய் எண்ணெய் வேண்டாம். நம் பக்கத்தில் வீட்டுக்கு வீடு இந்த வைத்தியம் உண்டு. சாவி இறுகினால் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய். அன்றைக்கு நன்றாகத் திரும்பும். வருடங்கள் போகப் போகப் பச்சை நிறத்தில் பிசினாகி, துருவையும் தூசியையும் சேர்த்து ஒட்டி வைத்துவிடும். துரு மட்டும் இருக்கும் கடிகாரத்தை நான் சந்தோஷமாக வாங்கிக்கொள்வேன். துருவும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தது வந்தால் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் உட்காருவேன்.

சாவியைத் தண்டிலிருந்து பிரிப்பது

தண்டு வெளியே வந்துவிட்டது, சாவி தேய்ந்திருக்கிறது, மாற்ற வேண்டும். தண்டைப் பின் வைஸில் பிடியுங்கள். மரை மேல் தாடை படக் கூடாது, அதற்குக் கீழே பிடிக்க வேண்டும். சாவியைத் தோல் துண்டால் சுற்றிப் பிடித்து இடப்பக்கம் திருகுங்கள். வராவிட்டால் மரை வாயில் ஒரு சொட்டு எண்ணெய் விட்டு ஒரு நாள். பிறகும் வராவிட்டால் சூடு. சால்டரிங் இரும்பின் முனையைச் சாவியில் சில வினாடி வைத்து எடுத்து உடனே திருகுங்கள். பித்தளை எஃகைவிட ஏறத்தாழ ஒன்றரை மடங்கு விரியும், அந்த இடைவெளிதான் நமக்கு வேண்டும். தங்கத் தகடு போர்த்திய சாவியில் சூடு வைப்பதற்கு நான் தயங்குவேன். உள்ளே ஈயப் பற்று இருந்தால் தகடு தனியாக, உடல் தனியாக வந்துவிடும்.

முள்ளைத் திருப்பும்போதே சாவி மட்டும் தானாகக் கழன்று கையில் வந்துவிட்டதா? பயப்பட வேண்டாம், மரை தளர்ந்திருக்கிறது, அவ்வளவுதான். திரும்பத் திருகிவிடலாம்.

ஒடிந்த தண்டுக்குப் படிகாரம்

தண்டு ஒடிந்து ஒரு துண்டு சாவியின் மரைக்குள்ளேயே மாட்டிக்கொண்டால் துளை போட முயலாதீர்கள். நாட்டு மருந்துக் கடைக்குப் போய்ப் படிகாரம் வாங்குங்கள். கண்திருஷ்டிக்கு வாசலில் கட்டுவோமே, ஊரணித் தண்ணீர் தெளியப் போடுவோமே, அதேதான். படிகாரக் கரைசல் எஃகை மெல்லத் தின்னும். பித்தளையையும் தங்கத்தையும் வெள்ளியையும் ஒன்றும் செய்யாது. உலகம் முழுக்க வாட்ச் ரிப்பேர்காரர்கள் இந்த முறையைத்தான் செய்கிறார்கள், நமக்குக் கூடுதல் வசதி, சாமான் தெருமுனையில் கிடைக்கிறது.

கண்ணாடி டம்ளர்தான் வேண்டும். எவர்சில்வரும் அலுமினியமும் ஆகாது. வெந்நீரில் படிகாரத் தூளைப் போட்டுக் கலக்குங்கள், இனிமேல் கரையாது என்கிற வரைக்கும். சாவியை மட்டும், ஒடிந்த துண்டு மேலே பார்த்திருக்கும்படி, உள்ளே இறக்குங்கள். டம்ளரை வெந்நீர்ப் பாத்திரத்தில் வைத்துச் சூடு ஆறாமல் பார்த்துக்கொண்டால் வேகமாக நடக்கும். சிறிது நேரத்தில் எஃகிலிருந்து பொடிப்பொடியாகக் குமிழி கிளம்பும். கிளம்பினால் வேலை நடக்கிறது. குமிழி நின்றால் எடுத்து, கறுப்பாகப் படிந்திருப்பதை மூங்கில் குச்சியால் சுரண்டிவிட்டு, புதுக் கரைசல் ஊற்றுங்கள். சில மணி நேரத்திலும் முடியலாம், இரண்டு மூன்று நாளும் ஆகலாம்.

இரண்டு எச்சரிக்கை. கறுப்புப் பூச்சுக் கடிகாரங்கள் சில உண்டு, கூடே கறுப்பேற்றிய எஃகு. அவற்றின் சாவியும் எஃகாகவே இருக்கக்கூடும், படிகாரம் சாவியையும் சேர்த்துத் தின்றுவிடும். அடுத்தது, ஒடிந்த துண்டு மிஷினின் தகட்டில் மாட்டியிருந்தால் அந்தத் தகட்டிலிருந்து எஃகு ஸ்க்ரூ, ஊசி எல்லாவற்றையும் ஒன்று விடாமல் எடுத்த பிறகே கரைசலில் இறக்க வேண்டும். முழு மிஷினை முக்கியவர் ஒருவரை எனக்குத் தெரியும். அவரிடம் இப்போது சுத்தமான பித்தளைத் தகடுகள் இருக்கின்றன, கடிகாரம் இல்லை.

வேலை முடிந்ததும் சமையல் சோடா கலந்த நீரில் முக்கி எடுத்து, பிறகு பேட்டரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீரில் அலசுங்கள். வீட்டுக் கிணற்றுத் தண்ணீரில் அலசினால், நம் கிணறு இருக்கிற லட்சணத்துக்கு, எடுத்த உப்பைத் திரும்பப் போட்டதாகிவிடும்.

திரும்பப் போடுவது

தண்டின் சதுரத்திலும் பள்ளத்திலும் வாட்ச் கிரீஸ் கடுகில் பாதி அளவு தடவுங்கள். நம் கரைக்கு மட்டும் நான் கழுத்துக்குள் இருக்கும் உருண்டைப் பகுதியிலும் மெல்லிசாகத் தடவுகிறேன், உப்புக்கு ஒரு தடை. தண்டை நேராக நுழைத்து, இடவலமாக லேசாகத் திருப்பிக்கொண்டே தள்ளுங்கள். சதுரம் சதுரத்தில் விழும்போது விரலுக்குத் தெரியும். அதுவரை ஸ்க்ரூவை இறுக்கக் கூடாது. சுவிஸ் வகையில் ஸ்க்ரூவை முடுக்கிவிட்டு மெல்ல இழுத்துப் பாருங்கள், முள் திருப்பும் படிக்கு வந்து நிற்க வேண்டும், கையோடு வரக் கூடாது. அமெரிக்க வகையில் சட்டையை எழுதிவைத்த சுற்றுக் கணக்குப்படி முடுக்கி, மிஷினை வைத்து, இரண்டு படியும் வேலை செய்கிறதா என்று பார்த்து, தேவைப்பட்டால் கால் சுற்று கூட்டிக் குறையுங்கள். பிறகு நாலைந்து முறுக்கு மட்டும் கொடுத்துக் காதில் வையுங்கள்.

பழைய தண்டையும் சாவியையும், துண்டுகளாக இருந்தாலும், ஒரு சின்ன டப்பியில் போட்டுக் கடிகாரத்தோடு வையுங்கள். புதுத் தண்டு கடைந்து தருபவர் முதலில் கேட்பது அதைத்தான். சதுரத்தின் தடிமன், பள்ளம் எங்கே தொடங்குகிறது, மரையின் அளவு எல்லாம் அந்தத் துருப்பிடித்த துண்டில்தான் இருக்கிறது. டப்பியில் ஒரு சிலிக்கா ஜெல் பொட்டலமும் போடுங்கள். ஐப்பசி, கார்த்திகையில் மாதம் ஒருமுறை அதை மாற்றிவிடுங்கள்.